காசு கொடுத்தவனுக்குக் கலங்கல் படம்

நேற்று இரவு ஒரு விண்கலம் வெடித்தது. வெடித்ததாம். வசனத்தை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். திரையில் நான் கண்டதெல்லாம் கறுப்பும் சாம்பலுமாகச் சில கட்டங்கள், நடுவில் ஆரஞ்சு நிறத்தில் ஒரு திட்டு. அறிவியல் புனைவுத் தொடர்களில் பாதிக் கதை இருட்டில்தான் நடக்கிறது. விண்வெளி, சுரங்கம், மின்சாரம் போன கட்டளை அறை. படத்தின் தரத்தைக் குறைத்தால் முதலில் செத்துப்போவது அந்த இருட்டுதான். நட்சத்திரங்கள் துடைத்தெடுத்ததுபோல் மறைகின்றன. கறுப்பு நிறம் படிக்கட்டுபோல் பட்டை பட்டையாக இறங்குகிறது. கேப்டனின் முகத்தில் மூக்கு எங்கே இருக்கிறது என்று நான் குத்துமதிப்பாகத்தான் சொல்ல முடியும்.

என் இணைய இணைப்பில் குறையில்லை. திரை 4கே. கட்டியிருக்கும் சந்தாவோ அந்த நிறுவனம் விற்பதிலேயே உயர்ந்தது. நான் செய்த ஒரே குற்றம், என் கணினியில் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் என்ற இயங்குதளத்தை வைத்திருப்பது.

விஷயம் இதுதான். படத்தைப் பிரதி எடுக்காமல் தடுக்க, உலாவிக்குள் வைட்வைன் என்று ஒரு பூட்டு இருக்கிறது. கூகுளுடையது. அதில் நிலைகள் உண்டு. எல்1 என்றால், வன்பொருளுக்குள் உரிமையாளனே எட்டிப் பார்க்க முடியாத ஒரு மூலையில் படத்தின் பூட்டு திறக்கப்படுகிறது. எல்3 என்றால் எல்லாம் மென்பொருளிலேயே நடக்கிறது. மேசைக் கணினியில் லினக்ஸ் வைத்திருப்பவனுக்கு உலாவியில் கிடைப்பது எல்3 மட்டும்தான். எல்3 ஆளுக்கு எவ்வளவு தெளிவாகக் காட்டலாம் என்பதை ஒவ்வொரு தளமும் தானே தீர்மானித்துக்கொள்கிறது. எனக்குக் கிடைத்த தீர்ப்பு வெறும் 480 வரித் தெளிவு.

இதில் வயிற்றெரிச்சல் என்னவென்றால், அதே எபிசோட் என் கைபேசியில் கண்ணாடிபோல் தெரிகிறது. அது ஆண்ட்ராய்டு கைபேசி. அதன் அடியில் ஓடுவதும் லினக்ஸின் கருவான கெர்னல்தான்! அப்படியானால் லினக்ஸ்மேல் இவர்களுக்கு ஒரு பகையும் இல்லை. கைபேசியில் சாவி அவர்களிடம் இருக்கிறது, மேசைக் கணினியில் என்னிடம் இருக்கிறது. அதுதான் உறுத்துகிறது. என் பொருளின் சாவி என்னிடம் இருந்தால் நான் திருடன்.

சரி, திருடனாவது தடுக்கப்படுகிறானா? எல்3 பூட்டை உடைத்துவிட்டதாக 2019 தொடக்கத்திலேயே ஓர் ஆய்வாளர் அறிவித்துவிட்டார். எந்தத் தொடரும் வெளியான சிறிது நேரத்தில் திருட்டுப் பிரதியாக, முழுத் தெளிவோடு, விளம்பரமே இல்லாமல் சுற்றுகிறது. அதை என் லினக்ஸ் கணினியில் போட்டால், படம் ஓட்டும் மென்பொருளான வி.எல்.சி. முணுமுணுக்காமல் ஓட்டிக் காட்டும். காசு கொடுக்காதவன் கேப்டனின் புருவத்து வியர்வையை எண்ணிக்கொண்டிருக்கிறான். கொடுத்தவன் மூக்கைத் தேடிக்கொண்டிருக்கிறேன்.

வாடிக்கையாளர் சேவையிடமும் போனேன். குக்கீகளை அழிக்கச் சொன்னார்கள். அழித்தேன். உலாவியை நீக்கிவிட்டு மீண்டும் நிறுவச் சொன்னார்கள். நிறுவினேன். மறுபடியும் குக்கீகளை அழிக்கச் சொன்னார்கள். நாற்பது நிமிடம் கழித்து, 'உங்கள் இயங்குதளத்துக்கு உயர்தரக் காட்சி ஆதரிக்கப்படவில்லை' என்று ஒரு வரி. அதற்குக் கீழேயே, உரையாடல் திருப்தியாக இருந்ததா, ஐந்துக்கு எத்தனை நட்சத்திரம் என்று ஒரு கேள்வி. தொடரில் ஒரு நட்சத்திரம்கூடத் தெரியாதவனிடம் நட்சத்திரம் கேட்கிறார்கள்.

படம் போகட்டும், விளையாடலாம் என்றால் அங்கேயும் இதே கதைதான். நாங்கள் நால்வர். வாரத்தில் இரண்டு இரவு சேர்ந்து விளையாடுவோம். இரண்டு ஆண்டுகளாக என் லினக்ஸ் கணினியிலேயே அந்த விளையாட்டு ஒழுங்காக ஓடியது. போன மாதம் ஒரு புதுப்பிப்பு வந்தது. தொடங்கினால் கறுப்புத் திரையில் ஒரு சின்னப் பெட்டி: 'அனுமதிக்கப்படாத சூழல் கண்டறியப்பட்டது.' சூழலாம்! ஹெட்செட்டில் மூவரும் 'எங்கே இருக்கிறாய், ஆட்டம் தொடங்கப் போகிறது' என்கிறார்கள். நான் அந்தப் பெட்டியில் இருந்த ஒரே பொத்தானை வெறித்துக்கொண்டிருக்கிறேன். 'சரி' என்று எழுதியிருந்தது. எது சரி?

இத்தனைக்கும் தொழில்நுட்பத் தடை என்று எதுவும் இல்லை. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்டும் வைன் திட்டம் 1993-இல் தொடங்கியது. அதன்மேல் கட்டப்பட்ட புரோட்டானை வால்வ் நிறுவனம் 2018-இல் வெளியிட்டது. விளையாட்டு, விண்டோஸின் வரைகலை மொழியான டைரக்ட்எக்ஸில் கேட்பதையெல்லாம் லினக்ஸுக்கும் புரியும் வல்கன் மொழிக்கு மாற்றி வரைகலை அட்டையிடம் சேர்த்துவிடுகிறார்கள். ஊர் பேர் தெரியாத எத்தனையோ பேர் ஆண்டுக்கணக்கில் இதற்கு உழைத்திருக்கிறார்கள். ஒற்றை ஆளாக விளையாடும் விளையாட்டுகளில் பெரும்பாலானவற்றை இன்று நான் யோசிக்காமல் வாங்குகிறேன், நிறுவுகிறேன், ஓடுகின்றன. ஆட்டத்தில் ஏமாற்றுபவர்களைப் பிடிக்கவென்று விளையாட்டோடு வந்து, என்னைப் போன்றவர்களையும் வாசலில் நிறுத்தும் மோசடித் தடுப்பு மென்பொருள்களில் பெரிய பெயர்களான ஈஸி ஆன்டி-சீட், பேட்டில்ஐ இரண்டுமே 2021-இல் புரோட்டானுக்கு ஆதரவு அறிவித்துவிட்டன. விளையாட்டை வெளியிடும் நிறுவனம் சம்மதித்தால் போதும். சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி கொடுக்க மாட்டான் என்பது இதுதான். கொடுத்த பூசாரியும் பிடுங்கிக்கொள்வான்: 2022 முதல் லினக்ஸில் ஓடிக்கொண்டிருந்த ஏபெக்ஸ் லெஜண்ட்ஸ் என்ற விளையாட்டு 2024 அக்டோபர் இறுதியில் கதவைச் சாத்தியது. லினக்ஸின் திறந்த தன்மையே மோசடிக்காரர்களுக்கு வசதியாக இருக்கிறது என்று காரணம் சொன்னார்கள்.

மோசடி பொய் என்று நான் சொல்லவில்லை. சுவருக்குப் பின்னால் ஒளிந்திருந்தபோதே என் தலையில் குண்டு பாய்ந்திருக்கிறது, ஒருமுறை அல்ல. அந்த எரிச்சல் எனக்கும் உண்டு. ஆனால் அதற்கு இவர்கள் கண்டுபிடித்த வைத்தியம், விண்டோஸ் கெர்னலுக்குள்ளேயே குடியேறுவது. ஒரு விளையாட்டுக்காக என் வங்கிக் கணக்கு திறக்கும் அதே கணினியின் அடிவயிற்றில் ஓர் அந்நியனை உட்காரவைக்க வேண்டுமாம். அங்கே உட்கார்ந்தவன் தும்மினால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19 அன்று உலகமே பார்த்தது. கிரவுட்ஸ்டிரைக்கின் ஒரு தவறான புதுப்பிப்பு, சுமார் 85 இலட்சம் விண்டோஸ் கணினிகள் நீலத் திரையோடு படுத்துவிட்டன. அது விளையாட்டு மென்பொருள் அல்ல, பாதுகாப்பு மென்பொருள். வேலியே பயிரை மேய்ந்தது.

இன்னும் பழைய கதை ஒன்று உண்டு, எனக்குப் பிடித்த கதை. 2005-இல் சோனி பி.எம்.ஜி. தன் இசைத் தட்டுகளில் பிரதி எடுப்பதைத் தடுக்க ஒரு மென்பொருளை ஒளித்து வைத்தது. குறிப்பிட்ட எழுத்துகளில் தொடங்கும் பெயருள்ள எந்தக் கோப்பையும் அது கணினியிலிருந்து மறைத்துவிடும். உடனே வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட் மோசடிக்காரர்கள் என்ன செய்தார்கள்? தங்கள் மோசடி நிரல்களுக்கு அதே எழுத்துகளில் பெயர் வைத்து, விளையாட்டின் காவல் மென்பொருள் கண்ணில் மண்ணைத் தூவினார்கள். ஒரு காவல்காரன் கட்டிய மறைப்பில் இன்னொரு காவல்காரனுக்குத் தெரியாமல் திருடன் ஒதுங்கிக்கொண்டான். இன்றைக்கோ, கணினியில் ஓர் அட்டையைச் செருகி, நினைவகத்தை வேறொரு கணினியிலிருந்து படித்து மோசடி செய்கிறார்கள். விண்டோஸ் கணினியில்தான். லினக்ஸ்காரனை வெளியே தள்ளிய பிறகும் சுவருக்குப் பின்னால் குண்டு பாய்ந்துகொண்டுதான் இருக்கிறது என்று என் மூன்று நண்பர்களும் சொல்கிறார்கள்.

இதைச் சொன்னால் அறிவுரை வரும், இரண்டு பக்கத்திலிருந்தும், நான் ஏதோ மத்தளம்போல. ஒரு பக்கம், 'விண்டோஸும் போட்டுக்கொள்ள வேண்டியதுதானே' என்பவர்கள். உன் வீட்டு வாசல் பிடிக்கவில்லை, வேறு வீடு கட்டிக்கொண்டு வா என்பதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்? அந்த வீட்டிலும் செக்யூர் பூட் இருக்கிறதா, டி.பி.எம். சில்லு இருக்கிறதா என்று கணினியின் பாதுகாப்பு ஏற்பாடுகளைச் சோதனை போடுகிறார்கள். மறுபக்கம் நம் லினக்ஸ் ஆட்கள். 'யாரும் திறந்து பார்த்து மாற்றிக்கொள்ளக்கூடிய கட்டற்ற விளையாட்டுகளை மட்டும் விளையாடு, பூட்டுப் போட்ட எதையும் தொடாதே' என்கிறார்கள். ஐயா, கொள்கை எனக்கும் உண்டு. ஆனால் என் நண்பர்கள் இருக்கும் இடத்தில்தான் நான் விளையாட முடியும். தனியாக உட்கார்ந்து கொள்கையோடு விளையாட முடியாது.

பூட்டுப் போட்டவர்கள் பெட்டகத்தையாவது பத்திரமாக வைத்திருக்கிறார்களா என்றால் அதுவும் இல்லை. ஸ்டார் டிரெக்: பிராடிஜி தொடரை 2023-இல் பாரமவுண்ட்+ தன் தளத்திலிருந்தே தூக்கிவிட்டது. டாக்டர் ஹூ-வின் 1960களின் எபிசோட்கள் பலவற்றை பி.பி.சி.யே அழித்தது. அவற்றின் ஒலி மட்டும் இன்றும் முழுதாக இருக்கிறது. காரணம், அன்று வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னால் ஒலிப்பதிவுக் கருவியை வைத்துப் பதிவுசெய்த ரசிகர்கள். அனுமதி கேட்டா பதிவுசெய்தார்கள்? இன்றைய பூட்டு அன்று இருந்திருந்தால் அந்தக் குரல்களும் போயிருக்கும்.

பருவத்தின் கடைசி எபிசோட் வெள்ளிக்கிழமை வருகிறது. 4கே திரையை அணைத்துவிட்டு, அதன் முன்னால் கைபேசியை ஒரு புத்தகத்தில் சாய்த்து வைத்துத்தான் பார்க்கப் போகிறேன். வெடிக்கும் கலம் உள்ளங்கை அளவில் இருக்கும்.