1982-க்கு முன் பிறந்தவர்களின் நான்காம் இடம் குறித்து ஒரு திருத்தம்

வணக்கம் அண்ணா. மலேசியாவில் நம் சுங்கை சிப்புட் தோட்டங்களில் பிறந்த பெற்றோரின் ஜாதகத்தில் வீடு, தாய், பூர்வீகம் ஆகியவற்றைக் குறிக்கும் நான்காம் இடத்தை அறிய, பிறந்த நேரத்திலிருந்து இரண்டரை மணி நேரத்தைக் கழித்து இந்திய நேரமாக்கினால் போதும் என்று இங்கே பகிரப்பட்டுள்ளது. மலேசிய நேரம் கிரீன்விச் நேரத்துக்கு எட்டு மணி நேரம் முன்னால் ஆன 1982 ஜனவரி 1 முதல் பிறந்தவர்களுக்கு அது பொருந்தும். அதற்கு முன், போர் முடிந்த 1945 தொடங்கி 1981 இறுதிவரை, மலேசியத் தீபகற்பத்தின் கடிகாரம் கிரீன்விச் நேரத்துக்கு ஏழரை மணி நேரமே முன்னால் இருந்ததால், கழிக்க வேண்டியது இரண்டு மணி நேரம்தான்.

அரை மணி நேரத்தில் சந்திரன் கால் பாகை அளவே நகர்வதால் ராசியும் நட்சத்திரமும் பெரும்பாலும் மாறுவதில்லை. ஆனால் பிறந்த நேரத்தில் கீழ்வானில் உதிக்கும் புள்ளியான லக்னம் ஏறத்தாழ ஏழரை பாகை நகர்வதால், ராசி எல்லையை ஒட்டிப் பிறந்தவர்களுக்கு லக்னமும் அதிலிருந்து எண்ணப்படும் நான்காம் இடமும் மாறிவிடும். 1958-இல் தோட்ட மருத்துவமனையில் பிறந்த என் தாயாரின் ஜாதகத்தைப் பல ஆண்டுகள் தவறான லக்னத்துடனேயே நாங்கள் பாதுகாத்து வந்தோம் என்பதால்தான் இதை வலியுறுத்துகிறேன்.

பிறப்புச் சான்றிதழில் உள்ள நேரத்தை மாற்றாமல் ஜாதக மென்பொருளில் இட்டு, நேர மண்டலத்தை ஒருமுறை 7:30 என்றும் மறுமுறை 8:00 என்றும் வைத்து லக்னப் பாகையை ஒப்பிட்டால், வேறுபாட்டை எவரும் நேரில் காணலாம்.