நாகேஷின் மணிக்கட்டு

1994-ஆம் ஆண்டு வெளிவந்த இரண்டு படங்களை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஒரு மனத்தாங்கல் எழும். ஒன்று ‘நம்மவர்’. மகளைப் பறிகொடுத்த தந்தையாக நாகேஷ் அதில் உடைந்து அழுவார். சிறந்த துணை நடிகருக்கான தேசிய விருது கிடைத்தது. மற்றொன்று ‘மகளிர் மட்டும்’. அதில் அவர் பிணம். ஒரு வரி வசனம் கிடையாது. வயிறு வலிக்கச் சிரித்தோம் என்பதோடு அந்த நடிப்பை நாம் விட்டுவிட்டோம்.

விருதில் எனக்குக் குறையில்லை, அது முன்பே வந்திருக்க வேண்டும். ஆனால் இரண்டில் கடினமானது பிண வேடம்தான் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

எங்கள் பள்ளி ஆண்டு விழா நாடகங்களுக்கு நான்தான் பயிற்சி கொடுப்பேன். இந்த முறை ஒரு மாணவனுக்குப் பிண வேடம். படுத்துக் கிடக்கும்வரை சரியாக இருந்தான். மற்றவர்கள் தூக்கியதும் கழுத்து விறைத்தது. சாய்த்தபோது கை தானாகத் தரையைத் தேடிப் போனது. அவனைக் குற்றம் சொல்ல முடியாது. விழப்போகிறோம் என்றால் உயிருள்ள உடம்பு தன்னைக் காத்துக்கொள்ளத்தான் பார்க்கும், அதை யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. அந்தப் படம் வந்தபோது நாகேஷுக்கு அறுபது வயது. ரேவதி, ஊர்வசி, ரோகிணி மூவரும் அவரைத் தூக்குகிறார்கள், இழுக்கிறார்கள், உட்கார வைக்கிறார்கள். தலை தன் எடையிலேயே தொங்குகிறது. மணிக்கட்டில் உயிரே இல்லை. சிரிப்பை அடக்குவதுகூடப் பெரிதல்ல. அச்சத்தை அடக்கி, உடம்பை முழுவதுமாகப் பிறர் கையில் ஒப்படைத்திருக்கிறாரே, அதுதான் பெரிது.

இதை அவருக்குக் கொடுத்தது மேடை என்றே நினைக்கிறேன். சென்னையில் ரயில்வே வேலை பார்த்துக்கொண்டே அமெச்சூர் நாடகங்களில் நடித்தவர் அவர். வயிற்று வலிக்காரராகச் சில நிமிடங்களே வந்து, தலைமை தாங்க வந்திருந்த எம்.ஜி.ஆரின் பாராட்டைப் பெற்ற கதை பலருக்கும் தெரியும். மேடையில் முகத்தை அருகில் காட்டக் கேமரா இல்லை. கடைசி வரிசையில் இருப்பவருக்கும் அந்த வலி தெரிய வேண்டுமானால் முதுகும் தோளும் முழங்காலும்தான் பேச வேண்டும். கே. பாலசந்தரின் ‘சர்வர் சுந்தரம்’, ‘எதிர் நீச்சல்’ இரண்டும் மேடையில் அவர் நடித்துப் பிறகு படமானவை. அம்மைத் தழும்பு முகம், ஒல்லி உடம்பு. அன்றைய கதாநாயக இலக்கணம் எதிலும் அடங்காத அந்த உருவம்தான் 1964-இல் நாயகனாக நின்றது.

அதே ஆண்டில் வந்த ‘காதலிக்க நேரமில்லை’யில் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சியை எத்தனை முறை பார்த்திருப்பீர்கள்! ஒரு முறை ஒலியை நிறுத்திவிட்டுப் பாருங்கள். விரல்கள், கண்கள், வளைந்து நிமிரும் முதுகு. பயம் அப்போதும் குறையாது. ‘திருவிளையாடல்’ படத்தில் அவர் நடித்த தருமியையும் அப்படியே பார்க்கலாம்.

இன்று நம் படங்களில் ஒருவருடைய பருமனையும் நிறத்தையும் உயரத்தையும் கேலி செய்யும் வசனத்துக்குத்தான் நகைச்சுவை என்று பெயர். கேலிக்கு ஆளாகும் நடிகரின் உடம்புக்கு அங்கே எந்த வேலையும் இல்லை. இது எனக்கு உண்மையிலேயே வலிக்கிறது. அழுதால் நடிப்பு, விழுந்தால் கோமாளித்தனம் என்று நாமும் பிரித்து வைத்துவிட்டோம்.

அந்த மாணவனுக்கு ‘மகளிர் மட்டும்’ காட்சியைப் போட்டுக் காட்டினேன். முதல் முறை விழுந்து விழுந்து சிரித்தான். மறுபடி போடச் சொன்னான். மூன்றாம் முறை சிரிக்கவில்லை. நாகேஷின் கையை மட்டும் உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு எழுந்துபோய்ப் பாயில் படுத்துக் கண்ணை மூடிக்கொண்டு, “இப்போது தூக்குங்கள், சார்” என்றான்.