எல்லாம் பக்கம் பக்கம்தானாம், ஒரே நாள்ல முடிச்சிடலாமாம்

"எல்லாம் பக்கம் பக்கம்தான் கா. காலைல மேஜிக் கிங்டம், மத்தியானம் எப்காட், சாயங்காலம் யூனிவர்சல், ராத்திரி ஷாப்பிங். ஒரே நாள்ல முடிச்சிடலாம்."

இத சொன்னது ரோட்டுல போறவன் இல்ல. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ்ல ஏர்கோன் போட்டு உக்காந்து, அமெரிக்காவுல ஒர்லாண்டோவுல இருக்கிற டிஸ்னி பார்க்குங்களுக்கும் (மேஜிக் கிங்டம், எப்காட் எல்லாம் டிஸ்னியோடது) யூனிவர்சல் பார்க்குக்கும் பேக்கேஜ் விக்கிற ஏஜென்ட்டு. கலர்ல கோட்டை படம் போட்டு பிரிண்ட் எடுத்து கையில குடுத்தான். நேத்து சாயங்காலம் நடந்தது, இன்னும் எனக்கு கோவம் அடங்கல.

நான் பொறுமையாத்தான் கேட்டேன். தம்பி, மேஜிக் கிங்டம்லேர்ந்து எப்காட்டுக்கு எப்படி போறது? "மோனோரெயில் இருக்கு கா." இருக்கு, ஆனா அது நேரா போவாதே, நடுவுல டிரான்ஸ்போர்டேஷன் அண்ட் டிக்கெட் சென்டர்ல எறங்கி வேற ரயில் மாறணுமே, எங்க மாமியாருக்கு முட்டி வலி, ஏறி எறங்க முடியாதேன்னு சொல்றேன், அவன் "ஆமா ஆமா"ன்னு தலைய ஆட்டிக்கிட்டே ஃபோன பாக்குறான். சரி, எப்காட்லேர்ந்து யூனிவர்சலுக்கு? கம்ப்யூட்டர்ல எதையோ தட்டினான், தட்டினான், தட்டிக்கிட்டே இருந்தான். அப்பறம் சொன்னான், "அதுவும் அங்கதான் கா, உள்ளுக்குள்ளயே. ஒரே டிக்கெட்."

ஒரே டிக்கெட்டா? டிஸ்னி வேற கம்பெனி, யூனிவர்சல் வேற கம்பெனி, டிக்கெட்டு தனித்தனி, நடுவுல 15 கிலோமீட்டருக்கு மேல ஹைவே! யூனிவர்சல்கூட இப்ப ஒரே எடத்துல இல்ல. 2025 மே மாசம் தொறந்த எபிக் யூனிவர்ஸ் பழைய பார்க்குங்கள விட்டு தள்ளி தனியா இருக்கு, காடியோ பஸ்ஸோ ஏறித்தான் போவணும். இது கூட தெரியாம ஒரு மனுஷன் இந்த பேக்கேஜ விக்கிறான், நாமளும் காச எண்ணி வைக்கிறோம்.

உங்க வீட்டுலயும் நடந்திருக்கும். நாலு பேரு மாமாக் கடையில உக்காந்து "ஜென்டிங் போற மாதிரிதானே, என்ன பெரிய பிளான்"னு பேசுவாங்க. ஜென்டிங்ல கேபிள் கார் ஏறி எறங்கினா எல்லாம் ஒரே மலை மேல இருக்கு. அங்க டிஸ்னி நெலம் மட்டும் ஏறக்குறைய 100 சதுர கிலோமீட்டர். நம்ம கோலாலம்பூர் மொத்தமே 243தான். செந்தூல்லேர்ந்து செராஸ் போறதுக்கு எந்த நேரம் எந்த ரோடுன்னு யோசிச்சிட்டு கெளம்புற ஜனங்க, அங்க மட்டும் யோசிக்காம போயி எறங்கினா போதும்னு நெனைக்கிறாங்க. 1971ல மேஜிக் கிங்டம் மட்டும் இருந்தப்ப ஒரு நாள் பேக்கேஜ்னு சொன்னா ஒத்துக்கலாம். 1982ல எப்காட் வந்துச்சு, 1989ல இப்ப ஹாலிவூட் ஸ்டூடியோஸ்னு சொல்ற பார்க் வந்துச்சு, 1998ல அனிமல் கிங்டம் வந்துச்சு, தண்ணி பார்க் ரெண்டு வேற தனியா. இந்த நாலு பெரிய பார்க்குல அனிமல் கிங்டத்துக்கும் ஹாலிவூட் ஸ்டூடியோஸுக்கும் மோனோரெயிலே கெடையாது. 2019ல வந்த கேபிள் கார் எப்காட்டுக்கும் ஹாலிவூட் ஸ்டூடியோஸுக்கும் மட்டும்தான். இடி மின்னல் வந்தா அதுவும் நிப்பாட்டிடுவாங்க.

அடுத்தது ஹோட்டல். "டிஸ்னிலேர்ந்து 3 கிலோமீட்டர் கா, நடந்தே போலாம்." எங்கேர்ந்து 3 கிலோமீட்டர்? ஃபோன்ல மேப்ப தொறந்து அவன் மூஞ்சிக்கு நேரா காட்டினேன். கிஸ்ஸிம்மி பக்கம் ஹைவே ஓரம் ஒரு ஹோட்டல், அங்கேர்ந்து டிஸ்னி எல்லைக்குத்தான் 3 கிலோமீட்டர், மேஜிக் கிங்டம் கோட்டைக்கு இல்ல. எல்லைய தாண்டி உள்ள போயி, பார்க்கிங்குக்கு 30 டாலருக்கு கொறையாம கட்டி, காடிய விட்டு எறங்கி, டிராம் புடிச்சி, டிக்கெட் சென்டர்ல பேக்கெல்லாம் காட்டி, மறுபடி மோனோரெயிலோ ஃபெர்ரியோ ஏறி ஒரு ஏரிய தாண்டினாத்தான் மேஜிக் கிங்டம் வாசலே வரும். பேப்பர்ல "9.00 மேஜிக் கிங்டம்"னு போட்டிருக்கே, 9 மணிக்கு அங்க நிக்கணும்னா எத்தன மணிக்கு எந்திரிக்கணும், வயசானவங்க எத்தன மணிக்கு பசியாறணும்? அதெல்லாம் அவன் பேப்பர்ல இல்ல.

இதுக்கே இப்படின்னா புக்கிங் கதைய கேளுங்க. ரைடுக்கு நீள லைன்ல நிக்காம சீக்கிரம் போறதுக்கு ஃபாஸ்ட்பாஸ்னு 1999லேர்ந்து சும்மா குடுத்துட்டு இருந்தத எடுத்துட்டு 2021ல காசாக்கிட்டாங்க. இப்ப லைட்னிங் லேன்னு பேரு. டிஸ்னி ஹோட்டல்ல தங்கினா 7 நாள் முன்னாடி, மொத்த நாளுக்கும் சேத்து புக் பண்ணிடலாம். வெளிய தங்கினா ஒவ்வொரு நாளுக்கும் 3 நாள் முன்னாடி, அதுவும் அங்க காலைல 7 மணிக்கு. டிசம்பர்ல அவங்களுக்கும் நமக்கும் 13 மணி நேரம் வித்தியாசம், அப்ப நமக்கு ராத்திரி 8. இப்ப கணக்கு போடுங்க. மொத நாளுக்கு புக் பண்ற நேரம் வீட்டுல சூட்கேஸ் கட்டிட்டு இருப்போம், ரெண்டாவது நாளுக்கு கேஎல்ஐஏ ஏர்போர்ட் போற வழியில ஜாம்ல நிப்போம், மூணாவது நாளுக்கு ஆகாயத்துல பறந்துட்டு இருப்போம். இங்கேர்ந்து ஒர்லாண்டோவுக்கு நேரா ஃபிளைட்டும் இல்லையே. கடல் தாண்டி வர்ற குடும்பம் எந்த நேரத்துல எங்க இருக்கும்னு இந்த ரூல போட்டவங்க ஒரு நிமிஷமாவது நெனச்சி பாத்திருப்பாங்களா? சாப்பாடு புக்கிங்குக்கு 60 நாள் முன்னாடி நாள் குறிச்சி வச்சிருக்கணும். சாப்பிடவும் நாள் குறிக்கணுமா? கல்யாண மண்டபமா இது?

இத எல்லாம் நான் ஒக்காந்து சொல்லி முடிச்சா அந்த தம்பி சொல்றான், "அதெல்லாம் வேணாம் கா, லைன்ல நின்னா தானா உள்ள விட்டுடுவாங்க." நாங்க போறதே கிறிஸ்மஸுக்கும் நியூ இயருக்கும் நடுவுல! வருஷத்துலயே கூட்டம் நெறிக்கிற வாரம் அது! பிள்ளைங்களுக்கு ஸ்கூல் லீவு அப்பத்தான், நமக்கு வேற வழியும் கெடையாது, அதனாலதான் பிளான் பண்ணணும்னு மண்டைய ஒடச்சிக்கிறேன்.

மாமியார் வெள்ளிக்கெழம சைவம். அனிமல் கிங்டம் பக்கத்து ஹோட்டல்ல சனான்னு ஒரு கடை இருக்கு, நாண் ரொட்டி மாதிரி தினுசு தினுசா ரொட்டியும் தொட்டுக்க சட்னியும் குடுப்பாங்க, அத கண்டுபிடிச்சி எழுதி வச்சிருக்கேன். சின்னவன் 110 செண்டிமீட்டர். அவதார் ரைடுக்கு 112 வேணும், டிரான்னு இன்னொரு ரைடுக்கு 122. வரிசையில நின்னு கடைசியில கம்பு வச்சி அளந்து வெளிய அனுப்பினா அந்தப் பிள்ள மனசு என்ன ஆவும்? இதையும் எழுதி வச்சிருக்கேன். எங்க வீட்டுக்காரர் என் நோட்ட பாத்துட்டு "ஏஜென்ட்டுக்கு தெரியாததா ஒனக்கு தெரியப்போவுது"ன்னு சொல்லிட்டு எங்கிட்ட ஒரு வார்த்த கேக்காம டெபோசிட் கட்டிட்டு வந்துட்டாரு. கூட்டு, அதான் சீட்டு, கட்டி சேத்த காசு அது. விசாவுக்கு மட்டும் ஆளுக்கு 185 டாலர், அஞ்சு பேருக்கு, அதுக்கு ஜாலான் துன் ரசாக்ல எம்பஸிக்கு லீவு போட்டு போவணும். மாமியார் வாழ்க்கையில மொத தடவையா இந்த நாட்ட விட்டு வெளிய போறாங்க, புதுசா சூ வாங்கி வீட்டுக்குள்ள போட்டு நடந்து பழகுறாங்க. அவங்கள ஹைவே ஓரம் எறக்கி விட்டுட்டு "பக்கம் பக்கம்தான்"னு சொல்றதுக்கு எப்படி மனசு வருது?

இந்த பிளான மாத்து, இல்லன்னா காச திருப்பி குடுன்னு கேட்டேன். "டெபோசிட் திருப்பி தர முடியாது கா, பாலிசி." மாத்தி தரேன்னாவது சொன்னானா? "பாஸ்கிட்ட கேட்டு சொல்றேன்." பாஸ் எங்க? லஞ்சுக்கு போயிருக்காராம். சாயங்காலம் 5 மணிக்கு லஞ்சு!

பேப்பர சுருட்டி கையில புடிச்சிட்டு வெளிய வந்தா என் காடிக்கு குறுக்க ஒரு வெள்ள வண்டி டபுள் பார்க்கிங். கண்ணாடில ஃபோன் நம்பர் இல்ல. ஹாரன் அடிச்சா கடைக்காரங்க எல்லாம் என்னத்தான் மொறைக்கிறாங்க. மழ வேற புடிச்சிக்கிச்சு. அர மணி நேரம் கழிச்சி ஒருத்தன் கையில தாப்பாவ் சாப்பாட்டு பொட்டலத்தோட ஆடி அசைஞ்சி வந்து, ஒரு சாரி கூட சொல்லாம, வண்டிய எடுத்துட்டு போறான். ஏம்பா, அடுத்தவங்க வழிய மறிச்சி நிப்பாட்டுறீங்க, சரி, ஒரு துண்டு பேப்பர்ல நம்பர் எழுதி வைக்க கூடவா ஒங்களுக்கு கை வலிக்குது?