ஒரே நாளில் அயர்லாந்தாம், போய்ட்டு வாங்க!

இன்னொரு பிளான் வந்து விழுந்திருக்கிறது. வாட்ஸ்அப்பில்தான், வேறெங்கே. காலை 7 மணிக்கு டப்ளினில் வாடகைக் காரை எடுத்து பாறைமேல் பழைய ஆலயங்கள் நிற்கும் கேஷல், பிளார்னி கோட்டை, அடேர் கிராமம், மோஹர் கடற்பாறை எல்லாம் பார்த்துவிட்டு ராத்திரிச் சாப்பாட்டுக்குத் திரும்பிவிடலாமாம். கீழே நாலு கைகூப்பல். நவக்கிரகக் கோயில் ஒன்பதையும் ஒரே நாளில் முடித்துத்தரும் கும்பகோணம் வேன்காரர்கூட இவ்வளவு தைரியமாகப் பேசமாட்டார்.

கூட்டல் கணக்கு எல்லோருக்கும் சொல்லிக்கொடுத்தார்கள்தானே? டப்ளினிலிருந்து பிளார்னி சுமார் 260 கிலோமீட்டர், மூன்று மணி நேரம், அதுவும் கேஷலில் இறங்காமல். பிளார்னியிலிருந்து அடேர் என்20 என்ற தேசியச் சாலை வழியாக, அதில் மோட்டார்வே கிடையாது, ஒன்றரை மணி. அடேரிலிருந்து மோஹர் இன்னொரு ஒன்றரை. அங்கிருந்து டப்ளின் மூன்றேகால். ஆக, ஒன்பதேகால் மணி நேரம் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். அப்புறம் கோட்டையை எப்போது பார்ப்பது? 1134-இல் புனிதப்படுத்தப்பட்ட கார்மக் சிற்றாலயத்தை கேஷல் கார் பார்க்கிலிருந்தே கும்பிட்டுக்கொள்ளலாம். முத்தமிட்டால் பேச்சுவன்மை வருமாம் என்கிற பிளார்னிக் கல்லை முத்தமிடக் கோடையில் நிற்கிற வரிசையைப் பற்றி நான் எதுவும் சொல்லவில்லை.

சரி, அடங்கி ஒடுங்கி ரெண்டு இடம் மட்டும் என்று வைத்துக்கொள்வோம். ‘நம்ம ஊர் மாதிரியே இடதுபக்கம்தானே ஓட்டணும்’ என்று ஒருவர் நிச்சயம் சொல்வார். ஆமாம், இடதுபக்கம்தான். ஆனால் அந்தச் சாலையில் இடதுபக்கம், வலதுபக்கம் என்று ரெண்டு பக்கம் இருந்தால்தானே?

கிராமம் பார்க்க மோட்டார்வேயை விட்டு இறங்கியதும், ‘இந்த வழியில் 4 நிமிடம் மிச்சம்’ என்று மேப் ஆசை காட்டும். அந்த 4 நிமிடம்தான் எமன். ஆர் என்று தொடங்கும் எண் உள்ள சாலையில் பெரும்பாலும் நடுக்கோடு இருக்கும், எதிரே வண்டி வந்தால் ஒதுங்கலாம். எல் என்று தொடங்கினால் உஷார். அடுத்த ரெண்டு திருப்பத்தில் நடுக்கோடு இருக்க வேண்டிய இடத்தில் புல் முளைத்திருக்கும். இந்தச் சாலைகளில் முன்பு 80 வரை போகலாம் என்று சட்டமே சொல்லிக்கொண்டிருந்தது. 2025 பிப்ரவரி 7 முதல்தான் 60 ஆக்கினார்கள். 60 என்பது சட்டத்தின் உச்சம், உங்கள் இலக்கு அல்ல. அங்கே 30-இல் போகவே குலதெய்வம் பக்கத்து சீட்டில் இருக்க வேண்டும்.

ரெண்டு பக்கமும் புதர்வேலி. மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை, பறவை கூடு கட்டும் காலம் என்று, சில விலக்குகள் தவிர வேலியை வெட்டக்கூடாது. நல்ல சட்டம்தான், பறவைகள் வாழட்டும். ஆனால் சுற்றுலாக் கூட்டம் வருகிற அதே மாதங்களில்தான் வேலி கொழுத்துச் சாலைக்குள் கால் நீட்டிப் படுத்திருக்கும். பச்சைதானே என்று உரசிவிடாதீர்கள். பல இடங்களில் அந்தப் பச்சைக்குள்ளே கல் சுவர் ஒளிந்திருக்கும். இடதுபக்கக் கண்ணாடிகள் உயிரைவிடுவது இங்கேதான்.

இப்போது திருப்பம். எதிரே டிராக்டர். வெறும் டிராக்டர் இல்லை, மே கடைசி ஜூனில் மாட்டுத்தீவனப் புல்லை அள்ளிக்கொண்டு போகும் பெரிய டிரெய்லரோடு. மழை வருவதற்குள் முடிக்க வேண்டும் என்று அவர் அவசரம் அவருக்கு. அவர் நிற்கிறார். நீங்கள் நிற்கிறீர்கள். அவர் பார்க்கிறார். நீங்கள் போனைப் பார்க்கிறீர்கள். போன் ‘நேராகச் செல்லவும்’ என்கிறது. எங்கே, டிராக்டர் வயிற்றுக்குள்ளேயா?

ஒதுங்கும் இடம் யாருக்குப் பக்கமோ அவர் பின்னால் போக வேண்டும் என்பது இங்கே ஊர் வழக்கம். ஆனால் டிரெய்லரை ரிவர்ஸ் எடுப்பதைவிடக் காரை எடுப்பது லேசு, அதனால் பழி உங்கள் தலையில்தான். கடைசியாகப் பார்த்த வயல் கேட் எங்கே? 150 மீட்டர் பின்னால். நீங்கள் அதைக் கவனிக்கவில்லை, ஆட்டுக்குட்டியைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தீர்கள். ஒவ்வொரு கேட்டையும், ஒவ்வொரு அகலமான இடத்தையும் மனசில் குறித்துக்கொண்டே போவதுதான் இந்தச் சாலையின் முதல் பாடம். ரிவர்ஸ் கியர் விழவில்லை. சில வண்டிகளில் கியர் குமிழுக்கு அடியில் உள்ள வளையத்தைத் தூக்கினால்தான் விழும், அதை கவுண்டரில் யாரும் சொல்லவில்லை. விழுந்தது. ரிவர்ஸ் கேமராவில் சேறு. பின்சீட்டிலிருந்து மாமா, ‘இடது, இடது, இன்னும் இடது’ என்கிறார். அவர் திரும்பி உட்கார்ந்துகொண்டு சொல்கிறார், அது யாருடைய இடது? அதற்குள் பின்னால் இன்னொரு கார். அதிலும் வாடகைக் கம்பெனி ஸ்டிக்கர். அவருக்கும் ரிவர்ஸ் விழவில்லை. மாமா இப்போது வெளியே இறங்கிப் போக்குவரத்துக் காவலராகிவிட்டார்.

ஓரப் புல்மேல் சக்கரத்தை ஏற்றலாம் என்று தோன்றும். தயவுசெய்து வேண்டாம். புல்லுக்கு அடியில் தண்ணீர் ஓடும் பள்ளம் இருக்கும். இறங்கினால் உங்களைத் தூக்க அதே டிராக்டர்தான் வர வேண்டும். ரெண்டு கண்ணாடியையும் மடக்கி, ஒருவழியாக கேட் முன்னால் ஒதுங்கினால், டிராக்டர் ரெண்டு விரல் இடைவெளியில் கடந்து போகும். அப்போது அவர் ஸ்டியரிங்கிலிருந்து ஆள்காட்டி விரலை மட்டும் ஒரு அங்குலம் தூக்குவார். கோபம் இல்லை, அதுதான் இங்கே வணக்கம். நீங்களும் ஒரு விரல் தூக்குங்கள். சரியான விரலை.

மிச்சப்படுத்திய 4 நிமிடத்துக்கு விலை 25 நிமிடமும் ஒரு கீறலும். அடிப்படைக் காப்பீட்டில் டயர், ரிம், கண்ணாடி, வண்டியின் அடிப்பகுதி பெரும்பாலும் சேராது. சாலை பார்த்துப் பார்த்து உடைப்பது அதே நாலையும்தான், என்ன பொருத்தம் பாருங்கள்! கவுண்டரில் விற்கும் பாலிசியைவிட, கிளம்பும் முன்பே தனியாக வாங்கும் எக்ஸஸ் காப்பீடு, அதாவது சேதத்துக்கு நம் கையிலிருந்து போகும் தொகையைத் திருப்பித்தருவது, பொதுவாக மலிவு. வண்டியை எடுக்கும்போது ரிம்மையும் சேர்த்துப் போட்டோ எடுத்துவையுங்கள்.

இவ்வளவும் தாண்டிக் கோட்டை வாசலுக்குப் போனால் பூட்டு. ஜூனில் சூரியன் மறைய ராத்திரி 10 ஆகும், ஆனால் கேட் சாயங்காலம் 5-க்கோ 6-க்கோ மூடும், கடைசி நுழைவு பல இடங்களில் அதற்கும் 45 நிமிடம் முன்னால். ட்ரிம் கோட்டையின் நடுக்கோபுரத்துக்குள் வழிகாட்டியோடு மட்டுமே போகலாம். அடேரில் டெஸ்மண்ட் கோட்டைக்கு நேராக நடந்து போய்விட முடியாது, ஊருக்குள் இருக்கும் மரபு மையத்திலிருந்து பஸ்ஸில் கூட்டிப்போவார்கள், அதுவும் கோடையில்தான்.

இதற்குப் பதிலாக டுனமேஸ் பாறைமேல் இருக்கும் இடிந்த கோட்டைக்குப் போங்களேன்! லீஷ் மாவட்டம், போர்ட்லீஷ் பக்கம், டப்ளினிலிருந்து ஒரு மணி நேரம். டிக்கெட் இல்லை. இடிந்த சுவர், காற்று, சுற்றிலும் சமவெளி. 1170-இல் ஸ்ட்ராங்போ என்ற நார்மன் பிரபுவைக் கல்யாணம் கட்டிய லென்ஸ்டர் அரசர் மகள் ஈஃபாவின் சீதனத்தில் இதுவும் ஒன்று. சீதனமாகக் கோட்டையையே கொடுத்திருக்கிறார்கள், நம்ம ஆட்கள் ஸ்கூட்டருக்கு முறுக்குகிறார்கள். அப்படியே அபிலீக்ஸில் சாப்பிட்டுவிட்டு, பாலினகில்லில் ஹேவுட் தோட்டம். ஆங்கிலேயக் கட்டடக் கலைஞர் லட்யன்ஸ் வடிவமைத்து 1912-இல் முடித்தது, அதற்கும் கட்டணம் இல்லை. மாளிகை 1950-இல் எரிந்துபோனது, தோட்டம் மட்டும் தப்பியது. இந்த மூன்று போதும் ஒரு நாளைக்கு. ஆனால் இதை யாரும் ஃபார்வர்ட் பண்ணமாட்டார்கள்.

கோபமெல்லாம் தீர்ந்தது, சரி. காலி பாட்டிலை வாங்கிக்கொண்டு டெபாசிட்டைத் திருப்பித்தரும் அந்த மெஷினைப் பற்றி யாராவது பேசியிருக்கிறீர்களா? 2024 பிப்ரவரியிலிருந்து பாட்டிலுக்கு டெபாசிட். 500 மில்லி வரை 15 சென்ட், அதற்கு மேல் 25. கசக்கினால் மெஷின் வாங்காது. அதனால் அஞ்சு பேர் குடித்த காலி பாட்டில்கள் நாள் முழுக்க டிக்கியில் கடகடவென்று உருளும். ஒவ்வொன்றாக ஊட்டினால் ரெண்டை விழுங்கும், ஒன்றைத் துப்பும், நாலாவதில் நிரம்பிவிட்டது என்று படுத்துவிடும். கையில் 30 சென்டுக்கு ஒரு சீட்டு. அந்தக் கடையில் மட்டுமே செல்லும். உள்ளே 30 சென்டுக்கு என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. ஆகவே இன்னொரு பாட்டில் தண்ணீர்.