காகிதத் தொட்டியில் ஒரு பாதி காபி

பாதி காபியோடு! மூடியைக்கூடத் திறக்கவில்லை! மறுசுழற்சிக்காகக் காய்ந்த செய்தித்தாள், பழைய நோட்டு, அட்டை எல்லாம் மட்டமாக அடுக்கியிருந்த தொட்டியின் உச்சியில் அந்தக் கப்பை வைத்துவிட்டுப் போயிருக்கிறார் யாரோ. எறியவில்லை, வைத்திருக்கிறார். பார்த்து, பக்குவமாக, நிமிர்த்தி. கப் காகிதம், தொட்டியும் காகிதத் தொட்டி, கணக்கு சரியாகிவிட்டது என்று நினைத்திருப்பார். வயிறு எரிகிறது.

அப்புறம் நடந்ததைச் சொல்லவும் வேண்டுமா? அடுத்து வந்தவர் ஒரு கட்டுப் பேப்பரைத் தூக்கிப் போட்டார், கப் சாய்ந்தது. உறிஞ்சிக் குடிக்க மூடியில் விட்டிருக்கும் துளை வழியாக முதலில் சொட்டு, பிறகு நூல் மாதிரி ஒழுக்கு. மேலாகக் கிடந்தது செய்தித்தாள். மையைச் சட்டென்று உறிஞ்சிக்கொள்ளும்படி செய்த தாள் அது. மையும் காபியும் அதற்கு ஒன்றுதான். நாலாய் மடித்த தாளின் நடுவில் ஒரு பழுப்பு வட்டம் விழுந்து, கண்ணெதிரே ஓரத்தை நோக்கி நகர்ந்தது. அதற்குக் கீழே வழவழப்பான பத்திரிகை. அந்தத் தாளில் வெள்ளைக் களிமண் பூசியிருப்பதால் விழுந்தது உடனே உள்ளே இறங்காது, உருண்டு ஓடி ஓரத்தைத் தேடும். வெட்டிய ஓரத்தில் பூச்சு இல்லை, நாரின் வாய் திறந்து கிடக்கும். அங்கே போய்க் குடித்தது. இனிக் காய்ந்தால் அத்தனை பக்கமும் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே பலகையாகிவிடும். அதற்கும் கீழே நெளிவு அட்டைப் பெட்டி. இரண்டு தாளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஓடும் அந்த நெளிவு ஒவ்வொன்றும் ஒரு குழாய். அட்டை மட்டமாகக் கிடந்ததால் ஒரு முனையில் நுழைந்த காபி மறுமுனை வரை போய்விட்டது. நெளிவை ஒட்டியிருப்பது மாவுப்பசை, ஈரம் பட்டால் விட்டுவிடும். மேல் தாள் தோல் மாதிரி உரிந்து வந்தது.

இதெல்லாம் ஒரு கப்பால். அதிலும் பாதிக் கப்பால்.

உடனே ஒரு கேள்வி வரும், எப்போதும் வருகிற கேள்வி: “ஆலையில் எப்படியும் தண்ணீரில் போட்டுத்தானே கரைக்கப் போகிறார்கள்? நனைந்தால் என்ன கெட்டுவிட்டது?” கேட்கிறவர் முகத்தில் ஒரு வெற்றிச் சிரிப்பு வேறு. சரி, பதில் சொல்கிறேன். ஆலையில் தண்ணீரில்தான் போடுவார்கள். பெரிய தொட்டியில் காகிதத்தைக் கொட்டி, கீழே சுற்றும் இறக்கையால் அடித்துக் கூழாக்குவார்கள். ஆனால் உங்கள் தொட்டியிலிருந்து அந்தத் தொட்டிக்குப் போய்ச் சேர நாள் கணக்கில், சில நேரம் வாரக் கணக்கில் ஆகும். அதுவரை பேப்பர் மூட்டையில் இறுகிக் கிடக்கும், பிறகு இயந்திரத்தில் அழுத்திப் பெருங்கட்டாகக் கட்டப்படும், காற்றே போகாது. பாலும் சர்க்கரையும் கலந்த ஈரம் அதற்குள் இருந்தால் பூஞ்சைக்குக் கொண்டாட்டம். அது மணத்தை மட்டும் கெடுக்காது, காகித நாரையே தின்னும். நார் பலம் இழந்தால் அதில் செய்யும் தாளும் பலம் இழக்கும். அந்தக் கட்டை அவிழ்த்துக் கையால் பிரிக்கிறவர் பூஞ்சைத் தூளை மூச்சில் இழுக்கிறார். அதைப் பற்றி யாராவது ஒரு நிமிடம் நினைத்ததுண்டா?

எடைக் கணக்கும் பார்த்துவிடுவோம். பாதிக் கப் என்றால் 100 மில்லி, அதாவது 100 கிராம். காய்ந்ததாக நாம் நினைக்கும் பேப்பரிலும் காற்றிலிருந்து வந்த ஈரம் சுமார் 6 சதவீதம் இருக்கும். ஐரோப்பாவில் பழைய காகிதத்தைத் தரம் பிரிக்கும் இ.என். 643 என்ற வரையறை ஈரத்துக்கு வைத்திருக்கும் எல்லை 10 சதவீதம். இரண்டு கிலோ பேப்பரை அந்த எல்லைக்கு மேலே தள்ள அந்த 100 கிராமே போதும். ஒரு காபி மிச்சம், இரண்டு கிலோ பேப்பர்! கை கழுவும் தொட்டி நாலடி தூரத்தில்தான் இருக்கிறது. ஊற்றிவிட்டு வர எத்தனை நொடி?

சரி, காபியே இல்லாத காலி கப் என்றால் காகிதத் தொட்டியில் போடலாமா? போடாதீர்கள். அது வெறும் காகிதமாக இருந்தால் சூடான காபியை எப்படித் தாங்கும்? உள்பக்கம் நகத்தால் கீறிப் பாருங்கள், மெல்லிய பிளாஸ்டிக் படலம் சுருண்டு வரும். பாலித்தீன் அது. செய்தித்தாள் சில நிமிடங்களில் கூழாகிவிடும் தொட்டியில், கப் படலத்தைப் பிடித்துக்கொண்டு சுற்றிக்கொண்டே இருக்கும். கடைசியில் சல்லடை அதைக் கழிவு என்று வெளியே தள்ளும், கூடவே அதில் ஒட்டிய நாரும் போகும். உண்மையில் கப்பில் இருப்பது நல்ல நீளமான நார், அதுதான் இன்னும் வேதனை. அதைப் பிரித்தெடுக்கத் தெரிந்த ஆலைகள் இருக்கின்றன. ஆனால் கப் தனியாகச் சேர்ந்து அங்கே போக வேண்டும், செய்தித்தாளோடு ஒளிந்து போனால் ஆகாது.

இன்னொரு கூத்து. இதே தொட்டிக்கு முன்னால் ஒருவர் நின்று ஒவ்வொரு தாளிலிருந்தும் ஸ்டேப்பிள் பின்னை நகத்தால் நெம்பி எடுத்துக்கொண்டிருப்பார். விரலில் ரத்தம் வரும் வரை. ஐயா, வேண்டவே வேண்டாம்! பின் இரும்பு, கனமானது, கூழைச் சுழற்றும்போது அடியில் தங்கிவிடும், மிச்சத்தைச் சல்லடை பிடிக்கும். அந்தப் பொறுமையைச் செலோடேப்பில் காட்டுங்கள். அட்டைப் பெட்டியில் நீளமாக ஒட்டிய டேப்பை இழுத்து உரித்துவிடுங்கள். பசைதான் ஆலைக்கு எமன். கூழில் பொடிப்பொடியாக உடைந்து சல்லடையின் கண்ணிலேயே நுழைந்து போய்விடும். பிறகு தாளைக் காயவைக்கும் சூடான உருளையில் பிசுக்காக ஒட்டும். ஓடிக்கொண்டிருக்கும் ஈரத்தாள் அதில் பிடித்துக் கிழியும், ஓட்டமே நிற்கும்.

மையைப் பற்றியும் பயம் வேண்டாம். அச்சடித்த தாளிலிருந்து மையைக் கழுவி மறுபடி தாள் செய்யும் முறையை 1774-லேயே ஜெர்மனியில் யூஸ்டுஸ் க்ளாப்ரோத் எழுதி வெளியிட்டுவிட்டார். இன்று சோப்பும் காற்றுக் குமிழியும் விட்டு மையை நுரையாக மேலே கொண்டுவந்து வழித்துவிடுகிறார்கள். மை போகும். எண்ணெய்தான் போகாது. உணவு வந்த அட்டைப் பெட்டியின் அடியில் கண்ணாடி மாதிரி ஒளி ஊடுருவுகிறதே ஒரு கறை, அது நாரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டு நாரோடு நார் கைகோக்க விடாது. புதுத் தாளில் அந்த இடம் புள்ளியாகவோ ஓட்டையாகவோ வரும். மூடி சுத்தமாக இருந்தால் கிழித்துக் காகிதத்தில் போடுங்கள், எண்ணெய் பட்ட அடிப்பகுதியைத் துண்டாக்கி மக்கும் குப்பைக்கு அனுப்புங்கள். ஒரே கிழி, வேலை முடிந்தது.

கடை ரசீதும் அப்படித்தான், காகிதம் மாதிரி தெரியும். நகத்தால் கீறினால் கறுப்புக் கோடு விழுந்தால் அது வெப்பத்தில் அச்சாகும் தாள். பிஸ்பீனால் வகை ரசாயனம் பூசியிருக்கக்கூடும், மறுசுழற்சிக்கும் வேண்டாம், உரக்குழிக்கும் வேண்டாம். கைதுடைக்கும் டிஷ்யூவில் நார் ஏற்கெனவே குட்டை, போதாததற்கு நனைந்தாலும் கிழியாதபடி பிசின் சேர்த்திருப்பார்கள். பரிசு சுற்றி வந்த மினுமினுப்புத் தாளைக் கசக்கிப் பாருங்கள், கையைத் திறந்ததும் தானே விரிந்தால் அதில் பிளாஸ்டிக் இருக்கிறது. இயந்திரத்தில் பொடியாக வெட்டிய தாளும் தொட்டிக்கு ஆகாது, சல்லடையில் உதிர்ந்துபோகும். காய்கறிக் கழிவோடு உரக்குழியில் போடுங்கள், அங்கே ஈரத்தை இழுத்து நாற்றம் அடங்கும்.

இவ்வளவையும் ஒழுங்காகச் செய்துவிட்டு, கடைசியில் எல்லாவற்றையும் ஒரு பிளாஸ்டிக் பையில் திணித்து இறுக முடிச்சுப் போட்டுத் தொட்டியில் போடுகிறவரை என்ன சொல்ல! அந்தப் பை பிரிக்கும் இடத்தில் சுழலும் தட்டுகளின் அச்சில் போய்ச் சுற்றிக்கொள்ளும். இயந்திரத்தை நிறுத்தி, ஆள் உள்ளே இறங்கி, கத்தியால் அறுத்து எடுக்க வேண்டும். எந்த அடிப்படையில் போட்டீர்கள் என்று கேட்டால் பையின் அடியில் மறுசுழற்சி அம்புகள் போட்ட முக்கோணம் இருக்கிறதே என்பார். அந்த முக்கோணத்துக்குள் இருக்கும் எண் 1988-ல் வந்தது, இது எந்த வகைப் பிளாஸ்டிக் என்பதை மட்டும் சொல்வது. 4 என்றால் அடர்த்தி குறைந்த பாலித்தீன், அவ்வளவுதான். மறுசுழற்சி ஆகும் என்று அது யாருக்கும் வாக்குக் கொடுக்கவில்லை.

எனக்கு ஆற்றாமை எதனால் என்றால், ஒரு காகித நார் ஐந்து முதல் ஏழு முறை வரை திரும்பப் பிறக்கும். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் குட்டையாகி, எழுதும் தாளாக இருந்தது செய்தித்தாளாகி, செய்தித்தாள் முட்டைத் தட்டாகி, அப்புறம்தான் மண்ணுக்குப் போகும். அந்தத் தொட்டியில் கிடந்த நோட்டில் முதல் பிறவிகூட முடியவில்லை, பாதிப் பக்கம் வெள்ளையாகவே இருந்தது. அத்தனை பிறவியையும் ஒரு வாய் காபி முடித்துவிட்டது. ‘எதற்கும் போட்டு வைப்போம், ஆனால் ஆகட்டும்’ என்று போடுவது நல்ல மனசு இல்லை. சந்தேகமா, போடாதீர்கள். பக்கத்தில்தான் இன்னொரு தொட்டி இருக்கிறது.

வெள்ளைப் பக்கம் என்றதும் இன்னொன்று ஞாபகம் வந்து மறுபடி ரத்தம் கொதிக்கிறது. இந்தப் பிரிண்டர்! மூன்று பக்கக் கடிதம், நான்காவதாக ஒரு தாள் தானாக வந்து விழும். எடுத்துப் பார்த்தால் கடைசி மூலையில் “பக்கம் 4” என்ற ஒரே ஒரு வரி. அதற்கு ஒரு முழுத்தாள்! அச்சுக் கொடுக்கும் முன் முன்தோற்றத்தைத் திறந்து, 1 முதல் 3 வரை என்று எண் போட்டால் அந்தத் தாள் வராது. எண் போடுகிற கட்டம் ஏன் எப்போதும் மூன்றாவது பட்டியலுக்குள் போய் ஒளிந்துகொள்கிறது?