துலாம் ராசிக்கு ஆஸ்பிரின் ஆகாதாம்!

நேத்து ராத்திரி எங்க சொந்தக்காரங்க வாட்சப் குரூப்ல ஒரு மெசேஜ். "மிதுனம், துலாம் ராசிக்காரர்கள் கவனத்திற்கு. ஹார்ட் அட்டாக் வந்தால் ஆஸ்பிரின் சாப்பிடாதீர்கள், இங்கிலாந்து ஆராய்ச்சியில் நிரூபணம்." கீழ ஏழெட்டு கை கூப்புற படம். அனுப்புனது யாருன்னு பாத்தா எங்க சித்தப்பா மகன், மூணு வருஷத்துக்கு முன்னால இதய ரத்தக்குழாய்ல ஸ்டென்ட் (அடைப்பு வராம வைக்கிற குழாய்) வச்சவன், அவனே துலாம். "அக்கா நான் நாலு நாளா ஆஸ்பிரின் மாத்திரைய நிறுத்திட்டேன், ஒடம்பு லேசா இருக்கு, அது சூட்டு மாத்திரைக்கா"ன்னு அடுத்த மெசேஜ் வேற. ராத்திரி பதினோரு மணின்னு கூட பாக்காம போன் போட்டு ஏசிட்டேன், நாளைக்கு காலையில மொத வேலையா கிளினிக்குக்கு போய் கேளுடான்னு சொல்லி வச்சேன்.

அப்புறம் தூக்கம் வரல. ஏன்னா அந்த மெசேஜ் முழுப் பொய்யும் இல்ல! அதான் கொடுமை. முப்பத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஒரு ஜோக் உலகத்தச் சுத்தி வந்து மலேசியாவுல எங்க பத்தாங் பெர்ஜுந்தை வரைக்கும் சேந்துருக்கு, வர்ற வழியில சிரிப்பு மட்டும் கழண்டு விழுந்துருச்சு.

நான் ரிட்டயர் ஆன மிஸ்ஸி (நர்ஸ்), படிச்சதச் சொல்றேன். 1985லேருந்து 1987 வரைக்கும் ஐசிஸ்-2ன்னு ஒரு பெரிய பரிசோதனை நடந்துச்சு (இப்ப அந்தப் பேரக் கேட்டா வேற என்னமோ ஞாபகம் வரும், இது அது இல்ல). ஆக்ஸ்ஃபோர்டுலேருந்து நடத்துனாங்க, பீட்டர் ஸ்லைட், ரிச்சர்ட் பீட்டோ, ரோரி காலின்ஸ் இவங்கல்லாம் முக்கியமான ஆளுங்க. 16 நாடு, 417 ஆஸ்பத்திரி, 17,187 பேரு. நெஞ்சு வலி வந்து 24 மணி நேரத்துக்குள்ள ஆஸ்பத்திரிக்கு வந்தவங்கள குலுக்கல் மாதிரி பிரிச்சு, சில பேருக்கு ஒரு மாசம் ஆஸ்பிரின், சில பேருக்கு ரத்தக்கட்டியக் கரைக்கிற ஸ்ட்ரெப்டோகைனேஸ் ஊசி, சில பேருக்கு ரெண்டும், மிச்சப் பேருக்கு ரெண்டுமே வெத்து மருந்து. யாருக்கு எதுன்னு டாக்டருக்கும் தெரியாது நோயாளிக்கும் தெரியாது.

1988 ஆகஸ்டுல லான்செட்ங்கிற மருத்துவப் பத்திரிகைல ரிசல்ட் வந்துச்சு. அஞ்சு வாரத்துல, ரெண்டுமே கெடைக்காதவங்கள்ல 100க்கு 13 பேரு செத்துருந்தாங்க, ரெண்டும் கெடைச்சவங்கள்ல 8 பேரு. ஆஸ்பிரின் மட்டும் எடுத்துக்கிட்டா, இதய ரத்தக்குழாய் சாவு 23 சதவீதம் குறைஞ்சுச்சு. அரை மாத்திரை அளவுதாங்க, சுமார் 160 மில்லிகிராம், தலைவலிக்குப் போடுற அதே ஆஸ்பிரின், விலை சில சென்னு.

அந்த ஆராய்ச்சிக் கட்டுரையப் போடுற நேரத்துலதான் பிரச்சனை. ஆம்பளைக்கு எப்படி பொம்பளைக்கு எப்படி, வயசானவங்களுக்கு எப்படி, பிரஷர் உள்ளவங்களுக்கு எப்படின்னு தனித்தனியா பிரிச்சுக் காட்டுங்கன்னு பத்திரிகை பக்கம் கேட்டாங்க. அப்படி சின்னச் சின்னதா வெட்டிப் பாத்தா தற்செயலா கண்டதும் தெரியும்னு பீட்டோவுக்குத் தெரியும். சரி போடுறோம், ஆனா ராசிவாரியாவும் பிரிச்சுப் போடுவோம்னு போட்டே விட்டாங்க. மிதுனத்துலயும் துலாத்துலயும் பொறந்தவங்களுக்கு ஆஸ்பிரின் குடுத்தா சாவு 9 சதவீதம் கூடுனதாவும், மத்த பத்து ராசிக்கும் 28 சதவீதம் குறைஞ்சதாவும் கணக்கு வந்துச்சு! வெட்டி வெட்டிப் பாத்தா இப்படித்தான் பைத்தியக்காரத்தனமா வரும், நம்பாதீங்கன்னு காட்டத்தான் அத வச்சாங்க. அத நம்ம ஆளு நம்பிட்டான். இதுல இன்னொரு கூத்து, வெள்ளைக்காரன் ராசி சூரியன வச்சு, நம்ம ராசி சந்திரன் நின்ன இடத்த வச்சு. அவன் ஜோக்க நம்பறதா இருந்தாக் கூட இவன் துலாம் அந்தத் துலாமே இல்ல.

சிரிப்பு இருக்கட்டும், இந்த வெட்டிப் பாக்குற பழக்கம் உயிரோட வெளையாடுனதும் உண்டு. 1978ல கனடாவுல ஒரு பரிசோதனை, லேசா பக்கவாதம் வந்து சரியானவங்களுக்கு ஆஸ்பிரின் குடுத்துப் பாத்தாங்க, மொத்தம் 585 பேருதான். ஆம்பளைங்களுக்கு வேலை செஞ்சுச்சு, பொம்பளைங்களுக்கு இல்லன்னு பிரிச்சு எழுதுனாங்க. 1980ல அமெரிக்கா அத ஆம்பளைக்கு மட்டும்னு அனுமதி குடுத்துச்சு. பின்னால வந்த பெரிய கணக்குல பொம்பளைங்களுக்கும் அதே பலன்தான்னு தெரிஞ்சுது, அதுக்குள்ள எத்தன வருஷம் போச்சு. அந்தப் பரிசோதனைல இருந்த பொம்பளைங்க எண்ணிக்கை கம்மி, அவ்ளோதான் விசயம்.

இன்னொரு பக்கம் ஆளே பத்தாததும் நடந்துருக்கு. 1974ல பிரிட்டன்ல கார்டிஃப்ங்கிற ஊர்ல பீட்டர் எல்வுட்ங்கிற டாக்டர் மாரடைப்பு வந்த 1,239 ஆம்பளைங்கள வச்சுப் பாத்தாரு, ஆஸ்பிரின் எடுத்தவங்க கம்மியா செத்த மாதிரி தெரிஞ்சுது, ஆனா அடிச்சுச் சொல்ல கணக்கு பத்தல. அதுக்கும் முன்னால, 1950கள்ல, கலிபோர்னியாவுல கிரேவன்னு ஒரு சாதாரண ஊர் டாக்டர், எட்டாயிரம் பேருக்கு ஆஸ்பிரின் குடுத்தேன், ஒருத்தருக்கும் அட்டாக் வரலன்னு எழுதுனாரு. யாரும் கண்டுக்கல. அவரு நெனைச்சதுல விசயம் இருந்துச்சு, ஆனா குடுக்காம விட்டவங்க கணக்கே அவருகிட்ட கெடையாது. நம்மூர்ல "எங்கிட்ட வந்த ஆயிரம் பேருக்கும் குணம்"னு சொல்றவரப் போலத்தான். அவரே 1957ல மாரடைப்புல போய்ட்டாரு, பாவம்.

இத ஏன் இவ்ளோ நீட்டி எழுதுறேன்னா, எங்க அப்பா செத்தது 1986.

ரப்பர் தோட்டத்துல பால்மரம் வெட்டுனவரு. காலையில பெரட்டு (ஆள் கணக்கு எடுக்குறது) முடிஞ்சு வெறும் கோப்பி-ஓ (பால் இல்லாத காப்பி) மட்டும் குடிச்சிட்டு போனவரு, பத்து மணிக்கு மர நிரைக்குள்ளயே நெஞ்சப் புடிச்சிட்டு உக்காந்துட்டாரு, பால் வாளிய கூட கவுக்காம ஓரமா வச்சிட்டுத்தான் உக்காந்தாராம், கூட வெட்டுனவங்க சொன்னாங்க. தோட்டத்து ஆஸ்பத்திரில மருந்து குடுக்குற டிரெசர் காத்துப் புடிச்சிருக்குன்னு வெள்ளை மருந்து குடுத்து தைலம் தேச்சு விட்டாரு. சாயங்காலம் வேர்த்துக் கொட்டுதுன்னு தோட்டத்து லோரில ஏத்தி கிள்ளானுக்கு கொண்டு போனாங்க, போற வழியிலயே முடிஞ்சுது. நான் அப்ப கோலாலம்பூர்ல மிஸ்ஸி டிரெய்னிங்ல இருந்தேன். டிரெசர் அலமாரில ஆஸ்பிரின் டப்பா இருந்துருக்கும், தலைவலின்னு போனா அதத்தான் குடுப்பாரு. ஆனா அவர நான் குத்தம் சொல்ல மாட்டேன். அதே வருஷம்தான் 417 ஆஸ்பத்திரில அந்தக் குலுக்கல் நடந்துக்கிட்டு இருந்துச்சு, உலகத்துல யாருக்கும் அப்ப பதில் தெரியாது.

பின்னால நான் வேலை பாத்த எமர்ஜென்சில நெஞ்சு வலின்னு வந்தா மொதல்ல ஆஸ்பிரின், "குன்யா பாக்சிக், குன்யா"ன்னு (மலாய்ல "மெல்லுங்க ஐயா, மெல்லுங்க") மென்னு முழுங்க வைப்போம். ஒவ்வொரு தடவையும் லோரி ஞாபகம்தான்.

ஆனா எல்லாரையும் மொத்தமா சேத்துப் பாக்குற இந்தக் கூட்டுக் கணக்க எதுத்துப் பேசுன டாக்டர்களும் இருந்தாங்க, அவங்க முட்டாளுங்க இல்ல. யேல் பல்கலைக்கழகத்து ஆல்வன் ஃபைன்ஸ்டைன் மாதிரி ஆளுங்க, சராசரி கணக்கு என் முன்னால படுத்துருக்குற ஒருத்தனப் பத்தி என்ன சொல்லுதுன்னு விடாம கேட்டாங்க. நியாயமான கேள்வி. வயித்துல புண்ணு இருக்குறவங்க, ஆஸ்பிரின் ஒத்துக்காம மூச்சு இரைக்கிறவங்க, இவங்கல்லாம் நெஜமாவே வேற. டிங்கி காச்சல்ல ஆஸ்பிரின் தொடவே கூடாது, ரத்தம் கசியும், இத நம்ம ஊர்ல ஆயிரம் தடவ சொல்லலாம். நோயே இல்லாத வயசானவங்க சும்மா பாதுகாப்புக்குன்னு தெனமும் போடுறதும் வேண்டாம், 2018ல 19,000 பேருக்கு மேல வச்சுப் பாத்ததுல பலன் இல்ல, ரத்தப்போக்குதான் கூடுச்சு. இந்த வித்தியாசமெல்லாம் காரணம் தெரிஞ்ச வித்தியாசம், இல்ல தனியா சோதிச்சுப் பாத்த வித்தியாசம். "என் ஒடம்பு வேற மாதிரி, எனக்கு ஒத்துக்காது"ன்னு சொல்லிட்டு நாலு நாள்ல மாத்திரைய நிறுத்துறது அந்தக் கணக்குல சேராது. நாம எல்லாருமே நாம மட்டும் தனி ராசின்னு நெனைக்கிறோம்.

காலையில தம்பி போன் பண்ணான். கிளினிக்ல நல்லா வாங்கிக் கட்டிக்கிட்டானாம், மாத்திரைய மறுபடி ஆரம்பிச்சுட்டான். மெசேஜையும் அழிச்சுட்டான். அப்புறம் மெதுவா கேக்குறான், "அக்கா, பெரியப்பாவுக்கு என்ன ராசி?"

அப்பா காரியத்தப்ப கோயில் ஐயர் ஏழரைச் சனின்னு சொன்னாரு, பேர வச்சுப் பாத்தது. அப்பாவோட பழைய ஐசி (அடையாள அட்டை) இன்னும் அலமாரில இருக்கு, போய் எடுத்துப் பாத்தேன். பொறந்த வருஷம் மட்டுந்தான் போட்டுருக்கு, 1931. நாளும் கெடையாது, மாசமும் கெடையாது.