கோதுமைக்கு எடை போட்டுக் காசு, தரத்துக்கு?

"பழைய கோதுமை ருசி இப்போது எங்கே, வீரிய ரகம் கொண்டுவந்து எல்லாத்தையும் கெடுத்துவிட்டார்கள்" என்று மாதத்துக்கு ஒரு பதிவாவது கண்ணில் படுகிறது. புலம்பலில் நியாயம் இருக்கிறது. கூண்டில் ஏற்றுகிற ஆள்தான் தப்பு.

ஏங்குகிறவர்கள் தேடுவது பெரும்பாலும் சி 306 மாதிரி ரகம். 1965இல் வந்தது, ஆளுயர நெட்டை. சப்பாத்தித் தரத்துக்கு இன்றும் ஆராய்ச்சியாளர்கள் அளவுகோலாக வைப்பது அதைத்தான். ஆனால் உரம் கொஞ்சம் கூடினால் சாய்ந்துவிடும், மகசூல் குறைவு, துரு என்ற பூஞ்சை நோயைத் தாங்காது. மஞ்சள் துரு பிடித்த வயலுக்குள் ஒரு நடை போய்விட்டு வந்தால் பேன்ட் முழங்கால் வரை மஞ்சள் பொடி அப்பியிருக்கும், அவ்வளவும் பூஞ்சையின் வித்துகள், காற்றில் அடுத்த மாநிலத்துக்கே போகக்கூடியவை.

இதைத் தடுக்கத்தான் ரை என்ற தானியத்தின் குரோமோசோம் கை ஒன்றை, அதாவது மரபணுக்களைச் சுமக்கும் இழையின் ஒரு பாதியைக் கோதுமைக்குள் கொண்டுவந்தார்கள். தண்டுத் துரு, இலைத் துரு, மஞ்சள் துரு, சாம்பல் நோய், நான்குக்கும் எதிர்ப்பு மரபணுக்கள் அந்த ஒரே கையில் இருந்தன. ஒரே கல்லில் நாலு மாங்காய்! உலகம் முழுக்க இதை வைத்து ரகம் ரகமாக வெளியிட்டார்கள், 1995இல் லூதியானாவிலிருந்து வந்த பிபிடபிள்யூ 343 உட்பட. விலை என்னவென்றால், அந்தக் கை உட்கார்ந்த இடத்தில் கோதுமைக்குச் சொந்தமாக இருந்த சில குளூட்டன் (மாவுக்கு இழுவை தரும் புரதம்) மரபணுக்கள் போயின, பதிலுக்கு ரையின் புரதம் வந்தது. மாவு பிசுபிசுத்துப் பாத்திரத்தில் ஒட்டும், ரொட்டிக்கு வேண்டிய வலு குறையும்.

சரி, தரம் போனாலும் பயிர் பிழைத்ததே என்று ஆறுதல்பட்டால், அதுவும் நிலைக்கவில்லை. அந்த மஞ்சள் துரு எதிர்ப்பு 1990களிலேயே உடைந்தது. தண்டுத் துரு எதிர்ப்பை 1998இல் உகாண்டாவில் தென்பட்ட யுஜி99 என்ற புதுத் துரு இனம் உடைத்தது. பல லட்சம் ஹெக்டேரில் ஒரே ரகத்தை விதைத்தால் பூஞ்சைக்கு ஒரு பூட்டைத் திறந்தாலே போதும், ஊர் முழுக்க அதே பூட்டுதானே.

இதற்கு மாற்று புதிதொன்றும் இல்லை. எல்ஆர்34 என்ற மரபணு நூறு வருஷத்துக்கும் மேலாக வயலில் இருக்கிறது, இன்னும் தாங்குகிறது. அது நோயை அடியோடு தடுக்காது, மெதுவாக்கும். இலை நுனி காய்ந்திருப்பதுதான் அதன் அடையாளம், பார்க்கிற விவசாயிக்கு அதுவே நோயோ என்று சந்தேகம் வரும். இப்படி நாலைந்து சின்ன மரபணுக்களை ஒரே செடியில் சேர்த்தால் கிட்டத்தட்ட நோயே வராத நிலைக்குப் போகலாம். பொறுமையான வேலை, கைதட்டல் கிடைக்காது. இதில் நம் ஊருக்கும் பங்குண்டு. கோடையில் வடக்குச் சமவெளியில் பிழைக்காத தண்டுத் துருவும் இலைத் துருவும் நீலகிரி, பழனி மலைகளில் தங்கிவிடும், அதனால்தான் நீலகிரியின் வெலிங்டனில் ஒரு கோதுமை ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது.

தரத்தையும் ஆரம்பத்திலேயே சோதிக்க முடியும். சில கிராம் மாவைச் சோப்புக் கரைசலும் லாக்டிக் அமிலமும் கலந்த குழாயில் போட்டுக் குலுக்கி வைத்தால், அடியில் நிற்கும் வண்டலின் உயரமே குளூட்டனின் வலுவைச் சொல்லிவிடும். வழி இல்லாமல் இல்லை, கேட்பாரில்லை. 2025-26 கொள்முதலில் அரசு அறிவித்த ஆதரவு விலை குவிண்டாலுக்கு ரூ.2,425ஆக இருந்தது. ஈரப்பதம் பார்ப்பார்கள், சுருங்கிய மணி, உடைந்த மணி பார்ப்பார்கள், புரதம் எவ்வளவு என்று யாரும் கேட்பதில்லை. அப்புறம் எந்த விவசாயி இரண்டு குவிண்டால் குறைவாக விளையும் நல்ல மாவு ரகத்தை விதைப்பான், எந்த ஆராய்ச்சியாளர் அதற்காகப் பத்து வருஷம் மெனக்கெடுவார்?

ஆஸ்திரேலியாவில் லாரி சேமிப்பு நிலையத்துக்குள் வரும்போதே புரதத்தை அளந்து, அதற்கேற்ற தரப்பிரிவில் போட்டு விலை கொடுக்கிறார்கள். அந்தக் கருவி சில நிமிடத்தில் முடிவு சொல்லும். பஞ்சாப், ஹரியானா மண்டிகளில் அதை வைத்துப் புரதத்துக்கு ஐம்பது ரூபாய் கூடுதலாகக் கொடுத்துப் பாருங்கள், ரகத்தைத் திட்டுகிற பதிவை அப்புறம் எழுதிக்கொள்ளலாம்.